வெள்ளைத் துணிக்குப் பின்னால்

1928ஆம் வருஷம் கண்டியில் பெண்களுக்கென்று தனியாக ஒரு பயாஸ்கோப் ஆட்டம் தொடங்கினார்கள். சனிக்கிழமை பின்னேரம் தொடங்கி, வெயில் சாய்வதற்குள் முடிந்துவிடும். ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் உள்ளே இடமில்லை. மெஷின் ஓட்டுகிறவன் தகரப் பெட்டிக்குள் அடைபட்டிருப்பான். கதை சொல்லுகிறவன் திரைத் துணிக்குப் பின்னால் நிற்பான். துணி கட்டிய வண்டிகளில் வந்து இறங்குகிற முஸ்லிம் பெண்களின் முகம் அவன் கண்ணில் படக் கூடாது என்று கொட்டகை முதலாளி பொன்னுத்துரை செய்த ஏற்பாடு அது. பள்ளிவாசல் பெரியவர்கள் விஷயத்தைக் கேட்டு, அப்படியென்றால் குற்றமில்லை என்று தங்கள் வீட்டுப் பெண்களையும் அனுப்பத் தொடங்கினார்கள்.

கதை சொல்லுகிறவன் மர்சூக். கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுக்கு இந்தக் கரையில் குடியிருந்தான். அவன் பெஞ்சாதி ருக்கியா.

படம் பேசாது. துரையும் துரைசாணியும் வாயை அசைப்பார்கள், பிறகு ஆங்கில எழுத்து வரும். மற்ற நாட்களில் மர்சூக் திரைக்குப் பக்கத்தில் ஒரு கோலோடு நின்று, அந்த எழுத்தைத் தெரிந்த மட்டும் வாசித்துத் தமிழில் சொல்வான். சனிக்கிழமைகளில் அது நடக்காது. துணியைத் தண்ணீரால் நனைத்துவிட்டால் படம் பின்பக்கமும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இடம் வலமாகத் தெரியும், எழுத்தும் புரண்டுதான் கிடக்கும். ஆகையால் சனிக்கிழமைக் கதை முழுவதையும் மர்சூக் தன் தலைக்குள்ளிருந்தே எடுத்தான். துரைக்கு ஒரு தடித்த குரல், துரைசாணிக்கு ஒரு நெகிழ்ந்த குரல், வேலைக்காரக் கிழவனுக்கு ஓர் இருமல், குழந்தைக்கு ஒரு கீச்சுக் குரல். பெண்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம் துணிக்கு அப்பாலிருந்து கேட்டால் நல்ல ஆட்டம். கேட்காவிட்டால் பொன்னுத்துரையின் முகம் கோணிப்போகும்.

ருக்கியா அந்தப் பக்கம் போனதில்லை. பெரஹரா ஊர்வலம் நடந்த கிழமையில் அவளுடைய ஒரே பிள்ளை அஸீம் காய்ச்சலில் கண்ணை மூடி மௌத்தாகியிருந்தான். நடக்கவும் பேசவும் நன்றாகப் பழகியிருந்த பிள்ளை. அதற்குப் பிறகு மழை தொடங்கி, ஆறு கலங்கி, மறுபடியும் தெளிந்துவிட்டது. ருக்கியா வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை.

ஒரு சனிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் மர்சூக்கின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா றலியா, வண்டியை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே ருக்கியாவின் குசினிக்குள் வந்து கதிரையில் தொப்பென்று இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"புள்ள, தண்ணி கொஞ்சம் தாங்க. தொண்ட அடச்சிப் போச்சி."

"என்ன மதினி, சுகமில்லயா?"

"சுகத்துக்கு என்ன கொற. அழுது அழுது தான்." றலியா தண்ணீரைக் குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்கட தம்பி ஈக்கானே, அவன் ஒரு கள்ளன். மனிசர்ட ஈரக்குலயப் பிச்சி எடுக்கிறான். மூனாவது சனிக்கிழமையும் அதே படந்தான் ஓட்டுற. சனம் விடமாட்டேங்குது."

பிறகு கதையைச் சொன்னாள். மாமியார் ஒரு துரைசாணியைப் பச்சைப் பிள்ளையோடு வீட்டை விட்டுத் துரத்துகிறாள். ஊர் முழுவதும் ஐஸ் பெய்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல். ஒருவரும் கதவு திறக்கவில்லை. கடைசியில் அந்த மனிசி ஒரு மாட்டுக் கொட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்க, பிள்ளை கண்ணை மூடிவிடுகிறது.

"அது வரைக்கும் அவ நாடகத்தில மாதிரி பேசுவா, 'என் கண்மணியே, என் செல்வமே' என்டு. அதெல்லாம் நாங்க கேட்டது தானே. அந்த எடத்துல மட்டும் புள்ள, குனிஞ்சி, காதுக்குள்ள, எங்கட வீட்டுப் பொம்பிள மாதிரி ஒரு பேச்சுச் செல்லுறா பாருங்க. 'வாப்பாட கைய விடாதீங்க மகன், பாலத்தில சனம்.' அவ்வளவு தான். கொட்டகையே ஒரே ஓலம். எனக்குப் பக்கத்தில ஈந்த மனிசி வாங்குப் பலகையில தலய அடிச்சிக்கிட்ட."

ருக்கியா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகு மடியிலேயே இருந்தது. விரல் மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பேச்சு அவளுடையது. மர்சூக் பிள்ளையை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் வாசலில் நின்று அவள் சொல்லுகிற பேச்சு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வண்டியும் பஸ்ஸும் நெருக்கும். பிள்ளையோ ஆற்றைப் பார்க்க ஓடுகிற பிள்ளை. ஜனாஸா அன்று குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, கடைசி முடிச்சைப் போடுவதற்கு முன் முகத்தைக் காட்டினார்கள். மௌத்தான உடம்பின் மேல் கண்ணீர் விழக் கூடாது என்று றலியா பின்னாலிருந்து தோளை இழுத்துக்கொண்டிருந்தாள். ருக்கியா அழவில்லை. குனிந்து, பிள்ளையின் காதுக்குள் அதைச் சொன்னாள். வேறொன்றும் வாயில் வரவில்லை. துணியின் தலைப்பைப் பிடித்தபடி அந்தப் பக்கம் குனிந்திருந்தவன் மர்சூக் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. பிள்ளையைப் படம் பிடித்து வைத்ததும் இல்லை. சட்டைகளை றலியாவே எடுத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள், வீட்டில் கிடந்தால் மனம் ஆறாது என்று. ருக்கியாவுக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுத்தான். தினமும் சுபஹு தொழுதபின், வெளிச்சம் வரும் நேரம், அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லுவாள். சொல்லும்போது அந்தச் சின்னக் காதின் சூடு உதட்டில் படும். கபனுக்குள் அது குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் அவள் சொல்லும்போது சூடாகவே படும். அதோடு ஒரு நாளைக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

"அந்தப் படத்தில பாலம் ஈக்கா மதினி?" என்று கேட்டாள்.

"பாலமா?" றலியா யோசித்தாள். "இல்லயே. ஐஸ் தான். எங்க பாத்தாலும் ஐஸ். அதுக்கென்ன?"

"ஒன்டுமில்ல. சும்மா கேட்ட."

"நீங்களும் ஒருக்கா வாங்க புள்ள. வீட்டுக்குள்ள கெடந்து என்ன செய்ய? அங்க இருட்டு. ஆரும் கேக்க மாட்டாங்க, என்னத்துக்கு அழுற என்டு. நான் எங்கட உம்மாவுக்கும் சேத்துத்தான் அழுத. மௌத்து வீட்டில அழ விட்டாங்களா? அங்க அழலாம்."

மர்சூக் வந்ததும் ருக்கியா சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"மகன்ட காதுக்குள்ள நான் சென்னத, அங்க செல்லுறீங்களாமே."

மர்சூக் வெட்கப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவன் முகம் மலர்ந்தது.

"ராத்தா சென்னாவா? எப்பிடி ஈந்ததாம்?"

"செல்லுறீங்களா இல்லயா?"

"மொத சனிக்கிழமை அது தானா வந்த, ருக்கியா. துரைசாணி குனியுறா, வாய் அசையுது. என்ட வாயில ஒன்டுமில்ல. வெறும் வாய். அப்ப அது வந்துட்டு. நான் கொண்டாரல்ல."

"அடுத்த சனிக்கிழம?"

"அடுத்த சனிக்கிழம சனம் அதுக்குத்தானே வந்த."

"அது நான் மகனுக்குச் சென்னது. ஒங்களுக்கில்ல. கண்டியில ஈக்குற பொம்பிளையளுக்குமில்ல."

"மண்ணுக்குள்ள போற பேச்சு அது. நான் எடுத்து வெளிய வெச்ச. பெரிய முதலாளிமார்ட புள்ளயல் மௌத்தானாலும் இப்பிடி அழ ஆள் கெடைக்குமா? எங்கட மகனுக்கு ஊரே அழுவுது."

"எங்கட மகனுக்கா? அந்தத் துரைசாணிட புள்ளைக்கி."

மர்சூக் கறியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு, "சரி," என்றான். "இனி என்ட வாயால வராது."

"ஆணையா?"

"ஆணையா. இப்ப தின்ன விடுங்க."

ஆணையை அவன் மறந்துவிடுவான் என்று ருக்கியாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆகவே அடுத்த சனிக்கிழமை றலியா கூப்பிடாமலே உடுத்திக்கொண்டு அவளோடு வண்டியில் ஏறினாள். றலியாவுக்குச் சந்தோஷம். "கைலேஞ்சி ரெண்டு எடுங்க, கண்ணத் தொடைக்க ஒன்டு காணாது," என்றாள்.

கொட்டகைக்குள் வாங்குகள் நிறைந்திருந்தன. கடலைக்கொட்டையின் மணமும் மல்லிகைப்பூ மணமும் ஈரத் துணியின் மணமுமாக இருந்தது. ருக்கியாவுக்கு ஒரு பக்கம் றலியா. மறுபக்கம் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, அரசாங்கக் கச்சேரி கிளாக்கரின் பெஞ்சாதி, பத்மாதேவி என்று பேர். பெரிய உடம்பு, பெரிய தோடு. தனக்கு முன்னாலிருந்தவளோடு அவள் கழுத்தை எட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"போன கிழமை நீர் அந்தக் கட்டத்திலை பிந்தித்தான் அழுதனீர். நான் பாத்தனான்."

"எனக்குத் தடிமன் அக்கா. மூக்கு அடைச்சிருந்தது."

"எனக்குப் படம் துடங்கேக்கையே துடங்கிவிடும். மாமி கதவைச் சாத்திறா எல்லோ, அதிலை துடங்கினால் வீட்டை போய்ச் சேருமட்டும் நிக்காது. அவர் பேசுவார், கண்ணைக் கெடுக்கிறாய் எண்டு. ஆனால் நெஞ்சு லேசாயிருக்கும்."

விளக்கை அணைத்தார்கள். துணியில் வெளிச்சம் விழுந்தது. துணிக்குப் பின்னாலிருந்து மர்சூக்கின் குரல் எழும்பியது. வீட்டில் கேட்கிற குரல் இல்லை. எண்ணெய் பூசினது போல இருந்தது. மாமியார் கதவைச் சாத்தினாள். பத்மாதேவி தொடங்கிவிட்டாள். ஐஸ் பெய்தது. கதவு கதவாகத் துரைசாணி தட்டினாள். ருக்கியா அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தில் தெரிந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மாட்டுக் கொட்டில் வந்தது.

துரைசாணி குனிந்தாள். வாய் அசைந்தது.

மர்சூக் பேசவில்லை.

மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ருக்கியா மூச்சை விட்டாள். அந்த ஒரு மூச்சு நேரம் அவள் தன் புருஷனை முழுக்க மன்னித்தாள். வீட்டுக்குப் போய் அவனுக்கு நல்லதாக ஒன்று சமைத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

முன்வாங்கிலிருந்து ஒரு பெண் குரல், அழுகைக்கு நடுவே, விட்டதை எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னது: "வாப்பாட கைய விடாதீங்க மகன்."

இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு வாங்கு வாங்காகச் சேர்ந்தார்கள். முஸ்லிம் பெண்கள் இருந்தபடியே சொன்னார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்கள், "அப்பான்ரை கையை விடாதை மோனை, பாலத்திலை சனம்," என்று சொன்னார்கள். தோட்டத்துக் கங்காணி வீட்டுப் பெண்கள் சிலர், "அப்பா கைய விட்றாதப்பா," என்று சொன்னார்கள். முந்திப் பிந்தி, இழுத்து, விம்மி, கடைசிச் சொல்லில் எல்லோரும் ஒன்றாக வந்து நின்றார்கள். றலியாவும் சொன்னாள். தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஜனாஸா அன்று பின்னாலிருந்து தோளை இழுத்த கை இப்போது ருக்கியாவின் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது, நீயும் சொல்லு என்பது போல.

ருக்கியாவுக்குச் சொல்லும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை.

பத்மாதேவி மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். துணியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் ருக்கியாவின் முகம் காய்ந்திருந்தது நன்றாகத் தெரிந்தது.

"என்ன பிள்ளை, நீர் படத்தைப் பாக்கிறீரோ, சுவரைப் பாக்கிறீரோ?"

ருக்கியா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உமக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"இல்ல."

"அதுதானே பாத்தன்." பத்மாதேவி முன்னாலிருந்தவளின் முதுகில் தட்டினாள். "இஞ்சை பாரும், இவ்வளவு சனம் அழுகுது, இவ மட்டும் கல்லுப்போலை இருக்கிறா. வயித்திலை சுமந்து பெத்திருந்தால் தெரியும்."

முன்னாலிருந்தவள் திரும்பிப் பார்த்து, இரக்கத்தோடு உச்சுக்கொட்டினாள். றலியா மறுபக்கம் அழுதுகொண்டிருந்ததால் இது ஒன்றும் அவள் காதில் விழவில்லை. ருக்கியா ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொன்னால் அதையும் எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு, வழக்கம்போல் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் காது வரவில்லை. கொட்டகை வாங்குகள் வந்தன. பத்மாதேவியின் தோடு வந்தது. 'மகன்' என்ற இடத்தில் அவர்கள் இழுத்த இழுப்பு அவள் நாக்கிலும் வந்து ஒட்டிக்கொண்டது. இழுக்காமல் சொல்லிப் பார்த்தாள், மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் கொட்டகையில் சொன்ன மாதிரியே வந்தது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்பை மூட்டினாள்.

மர்சூக் பகல் சோற்றுக்கு இருந்தபோது நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

"நீங்களும் வந்தீங்களாமே. ராத்தா சென்ன."

"ஓ."

"பாத்தீங்க தானே? ஆணையத் தவறல்ல. நான் வாயத் தொறக்கல்ல."

"ஓ."

"ஆனா அந்தப் பேசாம நின்டது ஈக்கே, ருக்கியா, நான் செல்லியிருந்தா அப்பிடி வந்தீக்காது. துணிக்குப் பின்னால எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சி போச்சி. முதலாளி ஓடி வந்த." மர்சூக் கழுத்தை உள்ளே இழுத்துப் பொன்னுத்துரையானான். "'என்ன காணும் மர்சூக், நீர் சும்மா நிண்டுகொண்டே சனத்தை அழப்பண்ணிப்போட்டீர். இனி ஒவ்வொரு கிழமையும் இப்பிடியே நில்லும்.' அப்பிடிச் செல்லுறார்."

ருக்கியா பருப்பை ஊற்றினாள்.

"வார கிழம வேற படம்," என்று மர்சூக் தொடர்ந்தான். "அதிலயும் ஒரு புள்ள. காய்ச்சல்ல கெடக்கு. தகப்பன் கப்பல்ல போய்ட்டான், உம்மா மட்டும் பக்கத்தில." சோற்றைப் பிசைந்தபடி, அவளைப் பார்க்காமல் கேட்டான். "பெரஹரா நாள்ல நான் ஆட்டத்துக்குப் போய்ட்டன் தானே. நீங்க தனிய ஈந்தீங்க. மகன் அப்ப என்னத்தச் செல்லிக் கெடந்த?"

இந்த விஷயத்தை ருக்கியா அவனிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள். தகப்பன் நெஞ்சு தாங்காது என்று அவளாகவே இரங்கி மறைத்தது. இப்போது அந்த இரக்கம் அவளிடம் இல்லை. தேங்காய் துருவுகிறவள் போல நிதானமாகச் சொன்னாள்.

"ஒங்களத் தான் கேட்ட. ரோட்டால பஸ் போற நேரமெல்லாம், 'வாப்பா வந்தாங்களா?' என்டு கேட்ட. நான், 'இந்தா வாராங்க மகன், வாசல்ல செருப்புக் கழட்டுறாங்க,' என்டு சென்ன. அவர் கதவப் பாத்துக்கிட்டே கெடந்த. இன்னொரு பஸ் போன. நான் அதயே சென்ன. பொறகும் ஒரு பஸ் போன. அப்ப அவர் கதவப் பாக்கல்ல. என்ட பக்கம் திரும்பி, 'பொய், உம்மா. வாப்பா வரமாட்டாங்க,' என்டு சென்ன. அதுக்குப் பொறகு கேக்கல்ல."

மர்சூக்கின் கை சோற்றில் நின்றது. ருக்கியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்துவிட்டது. கண் நிறைந்து, ஒரு துளி தாடிக்குள் இறங்கியது. அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ ஆறினது போல இருந்தது.

பிறகு அவன் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் ஒருமுறை, மறுபடி ஒருமுறை.

"'பொய்' என்டு சென்ன நேரம்," என்று மர்சூக் கேட்டான், "கோவமா சென்னாரா, மெதுவாவா?"

ருக்கியா கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அவனும் மறுபடி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதவன்.

குசினியில் நின்றபடி அவன் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டாள். முதலில் கொட்டகையில் வருகிற அந்தக் கீச்சுக் குரல். அவனுக்கே பிடிக்கவில்லை, தொண்டையைக் கனைத்தான். பிறகு கொஞ்சம் தாழ்த்திச் சொன்னான். அதையும் பாதியில் விட்டான். பிறகு, காய்ச்சலில் உதடு வெடித்து, நாக்கு மேலே ஒட்டிக்கொண்ட ஒரு குரல், ரகரம் வராத ஒரு குரல் அந்த அறையிலிருந்து வந்தது.

"பொய், உம்மா. வாப்பா வலமாட்டாங்க."

ரகரம் வராது என்பதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிந்திருந்தது. தகப்பன் தானே.

சட்டியைக் கீழே வைத்தாளா, கையிலேயே வைத்திருந்தாளா என்பது அவளுக்குத் தெரியாது. கதவுநிலை வரை வந்துவிட்டிருந்தாள். மர்சூக் எச்சில் கையோடு, கண்ணை மூடியபடி இருந்தான்.

"இன்னொருக்காச் செல்லுங்க," என்றாள் ருக்கியா.

மர்சூக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். மறுபடியும் மூடிக்கொண்டான். இரண்டாந்தரம் இன்னும் நன்றாக வந்தது.